மாமா திருப்பிய ஆன்டெனா

எங்கள் ஊர் வல்லம் வடகாலில் முதல் கலர் டிவி ஓடியது எங்கள் வீட்டில்தான். இல்லை, எங்கள் வீட்டில்தான் முதலில் ஓடியது என்று வேறு யாராவது சொன்னால் அவரை என்னிடம் அனுப்புங்கள். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் வீட்டு ஜன்னலில் யார் யார் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள் என்று கேட்பேன். எங்கள் ஜன்னலில் தொங்கியவர்களை நான் இப்போதும் வரிசையாகச் சொல்லுவேன். அந்த வரிசையில் அவரும் இருப்பார்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும் கம்பெனிப் பிள்ளைகள் தங்கியிருக்கிற லாட்ஜ், மேன்ஷன், தனி ரூம் எல்லாவற்றுக்கும் கேபிள் இழுத்தவன் நான். இப்போது நெட்டும் நான்தான். பாலிடெக்னிக் முடித்த பையன்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்து வந்து படுக்கிற பிள்ளை ரிமோட்டை அழுத்தினால் படம் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என் தொழில். எப்போதாவது மேலேயிருந்து யாராவது போன் செய்து, இந்த ஒரு சேனல் மட்டும் ரெண்டு நாளைக்கு "சரியா வராம" இருக்கட்டும் என்பார்கள். எந்தச் சேனல், யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், லைசென்ஸ் போய்விடும். அந்த மாதிரி போன் வருகிற நாளெல்லாம் எனக்கு மாமா ஞாபகம்தான் வரும்.

மாமா போன தையில் காலமானார். அம்மா அவருக்கு முன்னாலேயே போய்விட்டாள். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது.

தொண்ணூற்றொன்று என்றதும் எங்கள் பக்கத்து ஆட்கள் வைகாசியில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததைத்தான் சொல்வார்கள். நான் சொல்வது அதற்கு முன்னால், தை, மாசியில்.

அப்பா குவைத்தில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தார். முந்தின வருஷம் ஆனியில் லீவுக்கு வந்தபோது அந்த டிவியைக் கொண்டுவந்தார். மீனம்பாக்கத்திலிருந்து வாடகைக் காரில் வரும்போது பெட்டி அவர் மடியில், கூட்டிவரப் போன நாங்கள் அவர் காலடியில். அதே லீவில் வீட்டுக்கு மொட்டை மாடியும் போட்டார். படிக்கட்டு கட்டுவதற்குள் லீவு முடிந்துவிட்டது. மூங்கில் ஏணி ஒன்றைச் சாத்திவிட்டுப் போனார்.

மாடியில் நீளமான இரும்புக் குழாய். அதன் தலையில், மீனைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் மாட்டிவைத்த மாதிரி அலுமினிய ஆன்டெனா. அதைச் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் திருப்பிவைத்தால் மெட்ராஸ் படம் கண்ணாடி மாதிரி வரும். சுங்குவார்சத்திரம் பக்கம் திரும்பிவிட்டால் படமும் போய், பேச்சும் போய், திரை முழுக்கப் புள்ளி கொதிக்கும். காற்றடித்தால் குழாய் தானாகத் திரும்பிக்கொள்ளும். அப்போது ஒருத்தர் மேலே ஏறித் திருப்ப வேண்டும். கீழே இருக்கிறவர்கள் "வருது, வருது, அய்யோ போச்சு, பழைய எடத்துக்கே போ" என்று கத்த வேண்டும். அந்த நாளில் டிவி பார்த்தவர்கள் எல்லோரும் பாதி நேரம் இப்படித்தான் பார்த்தோம்.

மேலே ஏறுகிறவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, என் கைக்கு அந்தக் குழாய் அப்படிக் கட்டுப்பட்டது. பெரியவர்கள் திருப்பினால் படத்தில் ஆள் இரண்டாகத் தெரிவான். நான் திருப்பினால் செய்தி வாசிக்கிற அம்மாவின் காதுத் தோடு தெரியும். எதிர்வீட்டு அத்தை, "இவன் பெரிய ஆளா வருவான் பாரு" என்று அப்போதே சொன்னாள். சொன்னது பலித்தது.

அப்பா ஆடி பிறந்ததும் திரும்பிப் போனார். ஆடி முடிவதற்குள் பக்கத்து நாட்டுப் பட்டாளம் குவைத்துக்குள் புகுந்துவிட்டது. நம் ஆட்களை விமானம் விட்டுக் கொண்டுவந்தார்கள். ஒரகடத்துக்காரர் ஒருத்தர்கூட வந்துசேர்ந்தார். அப்பா வரவில்லை. அவருடைய பாஸ்போர்ட் அரபியிடம் இருந்தது. அரபி எங்கே ஓடினார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஓடும்போது வீட்டுச் சாவியை அப்பா கையில் கொடுத்து, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். எங்கள் வம்சத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டால் போட்டுவிட்டு வர மாட்டார்கள். கடிதம் நின்றது. போன் என்ற பேச்சே இல்லை.

அம்மா அப்போது மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு ஒன்று வயிற்றிலேயே தங்காமல் போயிருந்தது. அதனால் அம்மாவின் தம்பி, என் மாமா, துணைக்கு எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினார். சுங்குவார்சத்திரத்தில் ரைஸ் மில்லில் அவருக்கு வேலை. தலைமுடியெல்லாம் தவிட்டோடு சைக்கிளில் வந்து இறங்குவார். கல்யாணம் ஆகாத ஆள், பயந்த சுபாவம், அதை மறைக்கச் சத்தமாகப் பேசுவார். பெரிய ஆஸ்பத்திரியில் நர்சம்மா, "பிபி ஏறிப்போயிருக்கு, அதிர்ச்சியா எதுவும் இவங்க காதுல போடாதீங்க, பெரிய உயிருக்கே ஆபத்து" என்று மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமா அதை அரசாங்க உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒருநாள் செய்தியில் குவைத்தைக் காட்டினார்கள். ஊரைப் பிடித்து வைத்திருக்கிறவர்களின் டிவியில் வந்த படம் என்று சொல்லித்தான் காட்டினார்கள். ஒரு ரொட்டிக் கடை. வரிசையாக ஆட்கள், கையில் அடுக்கடுக்காக ரொட்டி, எல்லோரும் சிரிக்கிறார்கள். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, பாருக்கா! இன்னாமோ பட்டினின்னு சொன்னானுங்க, ரொட்டி ஆவி பறக்குது பாரு! மாமா அங்க ராஜா மாதிரி கீறாரு, நீ இங்க அழுதுகினு கீற!"

எதிர்வீட்டு அத்தை, "எங்க, வரிசையில உங்க வூட்டுக்காரரு கீறாரா பாருடி" என்றாள். எல்லோரும் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு தேடினோம். அப்பா இல்லை. அம்மா மட்டும் நகராமல் உட்கார்ந்திருந்தாள். "ஆமாண்டா, நல்லாத்தான் கீறாங்க" என்று மாமாவிடம் சொன்னாள். பிறகு அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே, "ஒருத்தன்கூட வாயில வெக்கலியே" என்றாள். அரபி நாட்டில் தெருவில் நின்று சாப்பிடுவது மரியாதை இல்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்தது, சண்டையும் தொடங்கியது. விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆன்டெனாவுக்குப் பைத்தியம் பிடித்தது.

ஒருநாள் படம் வரும். ரெண்டு நாள் வராது. செய்தி தொடங்குகிற நேரத்துக்குச் சரியாகப் புள்ளி கொதிக்கும். செய்தி முடிந்தால் தானாகத் தெளியும். நான் ஏணியில் கால் வைத்தால் மாமா என் சட்டையைப் பிடித்து இழுப்பார். "நீ எறங்கு. காத்து பேய்க்காத்தா அடிக்கிது, தூக்கிகினு போயிடும்." காற்றா? தென்னை ஓலை அசையவில்லை. என் இடத்தில் அவர் ஏறிக்கொண்டு, குழாயைக் கட்டிப்பிடித்து மல்லுக்கு நிற்பார். ஊரிலேயே கைராசிக்காரன் நான் கீழே நின்றுகொண்டு "வரல மாமா, வரல மாமா" என்று கத்த வேண்டியதாயிற்று. அந்த அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜன்னலில் தொங்கியவர்கள் மாமாவை வறுத்தெடுத்தார்கள். எதிர்வீட்டு அத்தை தெருவில் நின்று, "யப்பா ராசா, நீ மேல ஏறினாலே படம் பயந்துகினு ஓடுது. பையனை ஏத்து, இல்லன்னா அந்தக் கம்பியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேர்க்கடலை வாங்கித் துன்னு" என்பாள். மாமா மேலேயிருந்து, "நீ வாயேன் அத்த, நீயே ஏறித் திருப்பு, ஏணி தாங்குதா பாக்கலாம்" என்பார். அத்தை கெட்ட வார்த்தையில் ஒன்று சொல்லிவிட்டுப் போவாள். கூட்டமும் கலையும். வீட்டில் அம்மாவும் நானும்தான் இருப்போம்.

நடந்தது என்னவென்றால், சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் சாயங்கால ரேடியோச் செய்தியை மாமா முதலில் கேட்டுவிடுவார். செய்தி சுமாராக இருந்தால் வீட்டில் படத்தை விடுவார். மோசமாக இருந்தால் சைக்கிளை மிதித்து வந்து ஏணியில் ஏறி, ஆன்டெனாவை அவர் கிளம்பிவந்த சுங்குவார்சத்திரம் பக்கமே திருப்பிவிடுவார். டிவியை அணைத்தால் அம்மா சந்தேகப்படுவாள். காற்றின் மேல் பழியைப் போட்டால் யார் போய்க் காற்றைக் கேட்பது? அக்கம்பக்கத்தில் வீடு வீடாகப் போய், அக்கா முன்னால் குவைத்துப் பேச்சை எடுத்தால் நடக்கிறதே வேறு என்று மிரட்டியும் வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்கு ஒரே லட்சியம், மாமாவை ஜெயிக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் டிவி ரிப்பேர் கடையில் ஒருநாள் பார்த்திருந்தேன். மெக்கானிக் ரெண்டு அலுமினியத் தட்டில் ஓட்டை போட்டு, ஒயரை முறுக்கி, தட்டுகளை அக்கம்பக்கமாகக் கட்டித் தொங்கவிட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை பார்த்தால் போதும், என் கண்ணுக்கு அந்த வரம் உண்டு. எங்கள் வீட்டில் சோறு தின்கிற தட்டு ரெண்டை எடுத்தேன். விளிம்பில் ஆணியால் ஓட்டை. சைக்கிள் கடையில் கெஞ்சி வாங்கின ஒயர். கிழக்கு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, துணி போட்டு மூடிவைத்தேன்.

மாசி மாசம், சண்டை முடியப்போகிற நேரம். அன்றைக்கு மாமா கால்கூடக் கழுவாமல் நேராக ஏணியில் ஏறினார். வழக்கம்போலப் புள்ளி கொதித்தது. வழக்கம்போலத் தெரு திட்டிவிட்டுப் போயிற்று. நான் அம்மாவைப் பார்த்து, "இப்ப பாரும்மா" என்றேன். டிவியின் பின்னால் கையை விட்டு, மாடியிலிருந்து வருகிற பட்டை ஒயரைக் கழற்றினேன். என் ஒயரை மாட்டினேன். ஜன்னல் துணியை எடுத்தேன்.

படம் வந்தது! கொஞ்சம் நடுக்கம், ஆனால் முழுப்படம். பேச்சும் வந்தது. எட்டாவது படிக்கிற பையன், தனி ஆளாக, சோற்றுத் தட்டில் பிடித்த படம். இதை இன்றைக்கு எந்த இன்ஜினியரும் என் முன்னால் செய்துகாட்டட்டும்.

படத்தில் குவைத். பகல் என்று சொன்னார்கள், ஆனால் இருட்டாக இருந்தது. எண்ணெய்க் கிணறுகள் எரிந்து வானம் முழுக்கக் கரும்புகை. ரோடு நெடுக எரிந்த கார்கள், கதவு திறந்தபடி. ஒரு காரிலும் டிரைவர் இல்லை.

மேலேயிருந்து மாமா குரல் வந்தது. "வருதாக்கா?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கை வயிற்றின் மேல். "வர்லடா!" என்று கத்தினாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண் முன்னால் படம் ஓடுகிறது. "அம்மா, வருதும்மா" என்றேன். அவள் என் வாயைக் கையால் மூடினாள். இன்னொரு கை வயிற்றிலேயே இருந்தது.

"இப்ப?"

"புள்ளியா கீதுடா! இன்னும் கொஞ்சம் திருப்பு!"

மாடியில் குழாய் கிறீச்சிடுவது கேட்டது. அம்மா என் காதோடு, "அந்த ஓரத்துல ஒரு ஆளு நடக்கிறான் பாரு, உங்கப்பா நடையா கீதா?" என்று கேட்டாள். நான் நன்றாகப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் அந்த இடம் போய்விட்டது. இன்னொரு புகை, இன்னொரு ரோடு. அம்மா கடைசி வரைக்கும் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியதே தவிர, மேலே இருக்கிற தம்பிக்குப் பதில் சொல்கிற குரலில் ஒரு பிசிறு இல்லை.

"இப்பனா வருதாக்கா?"

"எங்கடா வருது? உன் ஆன்டெனாவும் நீயும்! எறங்கி வாடா, சோறு ஆறுது!"

மழை வருமா வராதா என்று செய்தியில் சொல்லத் தொடங்கினார்கள். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எடு. பழைய ஒயரை மாட்டு. மாமா எறங்கறதுக்குள்ள அந்தத் தட்டு ரெண்டும் எனக்கு வேணும்."

"ஏம்மா? நான் புடிச்ச படம்மா."

"நல்லாத்தான் புடிச்ச, என் ராசா. எடு."

எடுத்தேன். தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்தாள். மாமா ஏணியிலிருந்து இறங்கி வந்தார். ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றும் படம் வராத மனிதரின் முகம் எப்படி இருக்க வேண்டும்? மாமா முகம் திருவிழாவுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. "சனியன் புடிச்ச காத்துக்கா" என்றார். "ஆமாண்டா, ஓலையெல்லாம் பிச்சிகினு போவுது" என்றாள் அம்மா. ஓட்டை போட்ட தட்டில், ஓட்டைப் பக்கம் குழம்பு போகாமல் பார்த்து ஊற்றினாள். மாமா வயிறாரச் சாப்பிட்டார். படுத்ததும் குறட்டை விட்டார்.

மாமாதான் வேண்டுமென்றே திருப்புகிறார் என்று மறுநாள் அம்மாவே சொன்னாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கால் கழுவாம ஏணி ஏர்றான்னா கெட்ட சேதி. கழுவிகினு உக்காந்தான்னா நல்ல சேதி. இதுக்கு டிவி எதுக்குடா?" என்றாள். மாமாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். எதற்காக என்று சொல்லவில்லை. அவளுக்கு ஒரே மகன் நான், என்னை நம்பினாள். நானும் காப்பாற்றினேன், இந்த மாசம் வரைக்கும்.

கொஞ்ச நாளில் மாமா சைக்கிளை விட்டு இறங்கி, கால் கழுவி, முகம் கழுவி, தலையைக்கூடத் துவட்டிக்கொண்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அம்மா அடுப்பங்கரையிலேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். சண்டை நின்றுவிட்டது என்று செய்தி வாசிக்கிறவர் சொல்வதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தங்கச்சி நல்லபடியாகப் பிறந்தாள். பெரிய உயிரும் பிழைத்தது, சின்ன உயிரும் பிழைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் மாமா எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார், பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குக்கூட. அந்தத் தங்கச்சி பிள்ளைகள் இன்றைக்கு என் வீட்டில்தான் வளர்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஏணியை நான் மனசுக்குள் கும்பிடுவேன்.

பங்குனிக் கடைசியில் அப்பா வந்தார். பாதி ஆளாக வந்தார். அன்று சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா பிசைந்து பிசைந்து கையில் போட்டாள். அப்பா மெதுவாகத்தான் பேசினார்.

"அங்க டிவியில தெனம் ஊரைப் புடிச்சவங்கதான் ஜெயிச்சிகினு இருந்தாங்க. செய்தி படிக்கிறவன் கோட்டு போட்டுகினு வந்தா சும்மா இருப்போம். பட்டாளத்து சட்டையில வந்தான்னா, ஓடிப்போய் இருக்கிற குண்டான்லல்லாம் தண்ணி புடிச்சி வெப்போம். அவன் வாயில வர்றத எவன் கேட்டான்?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா தொடர்ந்தார்.

"ஒருநாள் கேமரா எடுத்துகினு வந்தாங்க. எங்க தெருல பூட்டிக் கெடந்த ரொட்டிக் கடையைத் தெறந்து, எங்கள வரிசையா நிக்க வெச்சி, ஆளுக்கு நாலு ரொட்டி கையில குடுத்து சிரிங்கன்னாங்க. எனக்கு முன்னாடி ஒசரமான ஆளுங்க நின்னாங்க, என் மூஞ்சி படத்துல வந்திருக்காது. சுடச் சுட ரொட்டி, ரெண்டு நாள் பட்டினி. சிரிச்சோம். படம் எடுத்து முடிச்சதும் ரொட்டியெல்லாம் எண்ணி வாங்கி வேன்ல போட்டுகினு போயிட்டாங்க."

மாமாவின் சிரிப்பு நின்றது. கை சோற்றிலேயே நின்றது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது ரெண்டும் சிவந்துபோயிருந்தது.

"அந்தப் படத்த இங்க காட்டினாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"எந்தப் படம்?" என்றாள் அம்மா. "இங்க எங்க படம் வந்துச்சு? காத்து, ஆன்டெனாவே நிக்கல. ரொட்டியும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. உங்க மச்சான் பாவம், தெனம் ஏணியில ஏறி எறங்கியே இளைச்சிப்போயிட்டான்."

மாமா மெல்லத் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆவி பறக்கிற ரொட்டி, வரிசை, சிரிப்பு, மாமா எழுந்து நின்று சத்தம் போட்டது, எல்லாம் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. என் ஞாபக சக்தியை அப்பாவிடம் காட்ட இதைவிட நல்ல சமயம் ஏது? "பாத்தோமேப்பா, மாமாதான்..." என்று வாயைத் திறந்தேன்.

திறந்த வாயில் அம்மா ஒரு பெரிய உருண்டையைத் திணித்தாள். வாய் கொள்ளாத உருண்டை. பேச முடியாமல் மென்றேன். இத்தனை பேர் இருக்கும்போது எனக்கு மட்டும் ஊட்டிவிடுகிறாளே, அப்பா வந்தும் என் மேல்தான் இவளுக்கு ஆசை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். விழுங்கியதும் மறுபடி வாயைத் திறந்து, இன்னொரு உருண்டை கேட்டேன்.